தலை எண்ணிக்கையும் கலந்தாலோசனையும்

சென்னை மாம்பலம் இரயில் நிலையத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவின் நெரிசலைக் கடந்து வெளியே வருபவர் உஸ்மான் சாலையை அடைகிறார். வடக்கு நோக்கி நடந்தால் பனகல் பூங்கா. அதற்குச் சற்றுத் தொலைவில் ஹபீபுல்லாஹ் சாலை. இன்னொரு புறம் நடேசன் பூங்கா. இவையனைத்தையும் தன்னுள் அடக்கிய பகுதியின் பெயர் தியாகராய நகர். பட்டும் பொன்னும் வாங்க நாள்தோறும் வந்துபோகும் பெருங்கூட்டத்தில் இப்பெயர்களுக்கு உரியவர் யாவர் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. இந்தப் பெயர்கள் யாவும் இந்நாட்டில் வாக்குரிமை என்பது முதன்முதலாகப் பொருள் பெறத் தொடங்கிய காலத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் இரண்டு முஸ்லிம் பெயர்கள் இருப்பதும் தற்செயலன்று.

அரபிக் கல்லூரி மாணவர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு: ஜனநாயகம் மார்க்கத்திற்கு உடன்பாடானதா? இதற்கு இருவகை விடைகள் நம்மிடையே உலவுகின்றன. ஆட்சியதிகாரம் அல்லாஹ்வுக்கே உரியது; ஆகவே மக்களின் பெரும்பான்மையைத் தீர்ப்பாளராக ஏற்பது வழிகேடு என்பது ஒன்று. ஷூரா எனும் கலந்தாலோசனையே ஜனநாயகம். அதை உலகுக்குக் கற்பித்தவர்கள் நாமே என்பது மற்றொன்று. இவ்விரு விடைகளும் அவசர விடைகள் என்பது நம் கருத்து. ஜனநாயகம் என்ற சொல் கடந்துவந்த பாதையையும், அது நம் ஊரில் நம் முன்னோர் முன்வைத்த கேள்விக்கு எவ்வாறு முகம் கொடுத்தது என்பதையும் அறியாமல் அதை ஏற்பதும் மறுப்பதும் ஒன்றுதான்.

சொல்லும் பொருளும்

மக்களைக் குறிக்கும் ‘டெமோஸ்’, அதிகாரத்தைக் குறிக்கும் ‘கிராட்டோஸ்’ என்னும் இரு கிரேக்கச் சொற்களின் இணைப்பிலிருந்து பிறந்தது இவ்வாட்சிமுறையின் மேலைப் பெயர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் ஏதென்ஸ் நகரில் குடிமக்கள் ஓரிடத்தில் கூடிச் சட்டம் இயற்றினர். பெரும்பாலான அலுவலர்களைத் திருவுளச் சீட்டு முறையில் தேர்ந்தனர். பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியோர் ஆகியோருக்கு அங்கே இடமில்லை. கி.மு. 399-இல் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதித்ததும் அந்நகரின் பெரும்பான்மை வாக்குதான். பெரும்பான்மை தவறு செய்யக்கூடும் என்ற பாடத்தை ஜனநாயகம் தன் தொட்டிலிலேயே கற்றுக்கொண்டது எனலாம்.

இந்தப் பாடத்தை இஸ்லாமிய அறிஞர்களும் படித்திருந்தனர். கி.பி. 950-இல் மறைந்த அல்ஃபாராபி, பிளாட்டோவின் வழிநின்று நகரங்களை வகைப்படுத்தியபோது, ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி வாழ உரிமை கொண்ட நகரத்திற்கு ‘அல்மதீனத்துல் ஜமாஇய்யா’ என்று பெயரிட்டார். உண்மையான நற்பேற்றை அறியாத நகரங்களின் வரிசையிலேயே அவர் அதை வைத்தார். ஆயினும் பல்வகை மக்களும் கூடி வாழ விரும்பும் அந்நகரத்தில் நன்மையும் தீமையும் மிகுதியாக விளையும் என்றும், சான்றோரும் ஞானிகளும் அங்கிருந்து தோன்றக்கூடும் என்றும் அவர் கண்டார். பின்னர் வந்த இப்னு ருஷ்து பிளாட்டோவின் அரசியல் நூலுக்கு விளக்கம் எழுதினார். அதன் அரபு மூலம் அழிந்துவிட, ஹீப்ரு மொழிபெயர்ப்பே எஞ்சியது. ஆகவே ஜனநாயகம் பற்றிய சிந்தனை அரபு மொழிக்கு அண்மைக் காலத்தில் வந்த விருந்தாளி அன்று.

அல்ஃபாராபி வாழ்ந்த அதே காலத்தில் தமிழகத்தில் நடந்த ஒன்றையும் இங்கே நினைவுகூர்வது பொருந்தும். சென்னைக்குத் தென்மேற்கே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்திலிடப்பட்டன. விவரமறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதக் கல்வி ஆகியவை தகுதிகள். முன்பு பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தகுதியிழந்தனர்.

இக்கல்வெட்டைப் பெருமையுடன் சுட்டுவோர், அது ஒரு பிராமணச் சபையின் விதி என்பதைச் சில வேளைகளில் சொல்லாமல் விடுகின்றனர். அந்த நிலத்தை உழுதவருக்கும் பெண்களுக்கும் குடத்தில் ஓலை இல்லை. எனினும், கணக்குக் காட்டாதவனுக்கு மீண்டும் பொறுப்பில்லை என்ற விதியின் கூர்மை இன்றும் மங்கவில்லை. இந்த விதிக்கு இக்கட்டுரையின் முடிவில் மீண்டும் வருவோம்.

மயிலாப்பூரிலிருந்து ஆயிரம் விளக்கு வரை

நவீன ஜனநாயக விருப்பம் இந்நகரில் முளைவிட்ட இடங்களுள் ஒன்று மயிலாப்பூர். 1884 டிசம்பரில் அடையாற்றில் பிரம்மஞான சபையின் ஆண்டு மாநாடு முடிந்தபின், மயிலாப்பூரில் திவான் பகதூர் ரகுநாத ராவ் இல்லத்தில் பதினேழு பேர் கூடி நாடு தழுவிய ஓர் அரசியல் அமைப்புப் பற்றிப் பேசினர் என்று அன்னி பெசன்ட் எழுதியுள்ளார். அடுத்த ஆண்டு பம்பாயில் 72 பேராளர்களுடன் இந்திய தேசிய காங்கிரஸ் கூடியது.

காங்கிரஸின் மூன்றாம் மாநாடு 1887 டிசம்பரில் சென்னையில், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மக்கீஸ் தோட்டத்தில் நடைபெற்றது. அதற்குத் தலைமை தாங்கியவர் பம்பாய் வழக்கறிஞர் பத்ருத்தீன் தயாப்ஜி. காங்கிரஸுக்குத் தலைமையேற்ற முதல் முஸ்லிம் அவர். பொதுவான நலன்களில் முஸ்லிம்கள் பிற சமூகத்தாரிடமிருந்து ஒதுங்கி நிற்பதற்குக் காரணம் ஏதுமில்லை என்பது அவர் உரையின் சாரம். சட்டமன்றங்களில் தேர்தல் முறை வேண்டும் என்பது காங்கிரஸின் முதன்மைக் கோரிக்கையாக இருந்தது.

அதே நாள்களில் இலக்னோவில் சர் சையித் அகமது கான் அதற்கு நேர் எதிராகப் பேசிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரும் தத்தம் சமூகத்தாருக்கே வாக்களித்தால், நான்கு மடங்கு மக்கள்தொகை கொண்டவருக்கு நான்கு மடங்கு வாக்கு இருக்கும். அப்போது சிறுபான்மையின் நிலை என்ன என்பது அவர் எழுப்பிய வினா. சர் சையிதின் முடிவை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். அவருடைய வினாவைத் தட்டிக்கழிக்க இயலாது. கருத்தில் தோற்பவர் நாளை தம் கருத்தை எடுத்துச் சொல்லிப் பெரும்பான்மையாகலாம். பிறப்பால் சிறுபான்மையாக இருப்பவர் அவ்வாறு ஆக முடியுமா?

தயாப்ஜி இவ்வினாவை அலட்சியம் செய்யவில்லை என்பதே அவருடைய பெருமை. முஸ்லிம் பேராளர்கள் ஒருமித்தோ ஏறக்குறைய ஒருமித்தோ எதிர்க்கும் பொருளைக் காங்கிரஸ் எடுத்துக்கொள்ளலாகாது என்ற விதியை அவர் முன்மொழிந்தார். இந்துப் பேராளர்களுக்கும் அதே உரிமையுடன் அது 1888-இல் அலகாபாத் மாநாட்டில் தீர்மானமாயிற்று. தலைகளை எண்ணுமுன் மனங்களைக் கேட்க வேண்டும் என்பதற்கு இந்நாட்டு அரசியலில் எழுதப்பட்ட முதல் விதிகளுள் இது ஒன்று. வாக்கெடுப்பில் வெல்ல முடிந்தாலும் வெல்லாமல் விடுவதற்குப் பெரும்பான்மை தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொண்ட அரிய நிகழ்வு இது.

தியாகராய நகரின் பெயர்கள்

விதி எழுதப்பட்டதே தவிர ஐயம் தீரவில்லை. 1906-இல் சிம்லாவில் வைஸ்ராயைச் சந்தித்த முஸ்லிம் தூதுக்குழு தனித்தொகுதி கேட்டது. 1909-ஆம் ஆண்டுச் சட்டம் அதை வழங்கியது. முஸ்லிம் வாக்காளர்கள் மட்டுமே வாக்களித்து முஸ்லிம் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை அது. ஆங்கிலேயரின் பிரித்தாளும் சூழ்ச்சி இதில் இருந்தது என்பது உண்மை. தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நியாயமான விருப்பமும் இருந்தது என்பது அதே அளவு உண்மை.

சென்னையில் இவ்விருப்பம் முஸ்லிம்களோடு நிற்கவில்லை. 1916-இல் அடையாற்றிலிருந்து அன்னி பெசன்ட் தன்னாட்சி இயக்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டின் இறுதியில் பிட்டி தியாகராயர், டி.எம். நாயர், நடேச முதலியார் முதலியோர் தென்னிந்திய நலவுரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். ஆங்கிலேயர் அகன்றபின் அதிகாரம் யார் கைக்குப் போகும் என்பதே அவர்களுடைய கேள்வி. அரசு அலுவல்களிலும் கல்வியிலும் ஒரு சிறு பிரிவினரே நிறைந்திருந்த நிலையில், மக்கள்தொகையில் பெரும்பான்மையாக இருந்த பிராமணரல்லாதார் தம்மை அதிகாரத்தில் சிறுபான்மையாக உணர்ந்தனர். சர் சையிதின் அச்சமும் தியாகராயரின் அச்சமும் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து ஒரே இடத்தில் சந்தித்தன.

1920-இல் நடந்த தேர்தலில் நீதிக்கட்சி வென்று சென்னையில் அமைச்சரவை அமைத்தது. ஆனால் அந்த ‘மக்கள்’ யார்? ஏறத்தாழ நான்கு கோடி பேர் வாழ்ந்த மாகாணத்தில் சொத்தும் வரியும் அளவுகோலாக வைக்கப்பட்டுப் பன்னிரண்டரை இலட்சம் பேருக்கே வாக்குரிமை தரப்பட்டது. அவர்களிலும் நால்வருக்கு ஒருவரே வாக்களித்தனர். 1921-இல் சென்னைச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானித்து பிற மாகாணங்களுக்கு முன்னோடியாயிற்று. அதுவும் அதே சொத்துத் தகுதியுடன்தான். 1927-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மன்றத்தில் நுழைந்தது நியமனத்தின் வழியே.

உஸ்மான் சாலைக்குப் பெயர் தந்த சர் முகமது உஸ்மான் நீதிக்கட்சிப் பிரமுகர். சென்னை மாநகராட்சித் தலைவராகவும் ஆளுநரின் நிர்வாகக் குழு உறுப்பினராகவும் இருந்தவர். சித்த, யூனானி, ஆயுர்வேத மருத்துவங்களை ஆராய 1921-இல் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர். 1934 மே முதல் ஆகஸ்டு வரை சென்னை மாகாண ஆளுநராகப் பொறுப்பு வகித்தார். அப்பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. நாம் பெருமைப்படலாம். ஆனால் அப்பதவி எந்தக் குடிமகனின் வாக்காலும் வந்ததன்று. அரசரின் ஆணையால் வந்தது. தகுதியுள்ள ஒரு முஸ்லிம் உயர்ந்த இருக்கையில் அமர்வதும், முஸ்லிம் சமூகத்தின் குரல் ஆட்சியில் கேட்கப்படுவதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை நம் சமூகம் இன்னும் முழுமையாக உணரவில்லை.

ஹபீபுல்லாஹ் சாலைக்குரிய சர் முகமது ஹபீபுல்லாஹ் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்தவர். 1926-27-இல் தென்னாப்பிரிக்க இந்தியர் பிரச்சினைக்காகச் சென்ற இந்தியத் தூதுக்குழுவின் தலைவர். 1934 முதல் 1936 வரை அவர் திருவிதாங்கூர் திவானாக இருந்த காலம் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. அங்கே சொத்தை அளவுகோலாகக் கொண்ட வாக்குரிமையால் தங்களுக்கு உரிய இடம் கிடைக்காது என்று ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் ஆகிய மூன்று சமூகத்தாரும் ஒன்றிணைந்து தேர்தலைப் புறக்கணித்தனர். ‘நிவர்த்தன’ இயக்கம் என்று வரலாறு அதைக் குறிப்பிடுகிறது. அவ்வியக்கத்தின் தலைவர் சி. கேசவன் 1935-இல் சிறை சென்றது ஹபீபுல்லாஹ்வின் நிர்வாகத்தில்தான். அரசுப் பணி நியமனங்களுக்குத் தனி ஆணையர் நியமிக்கப்பட்டு, அச்சமூகங்களின் கோரிக்கைக்கு வழி திறக்கப்பட்டதும் அதே நிர்வாகத்தில்தான். பதவியில் இருப்பவர் யார் என்பதைவிட, வெளியே நிற்பவர்கள் ஒன்றுபட்டுக் கேட்கிறார்களா என்பதே வரலாற்றை அசைத்தது.

தோல்வியில் தெரிந்த மாண்பு

நாடு விடுதலையடைந்தபோது பழைய வினா முழு வலிமையுடன் திரும்பி வந்தது. அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்திலிருந்து பலர் இருந்தனர். மயிலாப்பூரில் வாழ்ந்த சட்டமேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் வரைவுக்குழு உறுப்பினர். எழுத்தறிவு குறைந்த நாட்டிலும் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை என்பதைச் சாமானிய மனிதன்மீது வைத்த நம்பிக்கையாக அவர் போற்றினார். முஸ்லிம்கள் சார்பில் காயிதே மில்லத் முகமது இஸ்மாயில் சாகிப், பி. போக்கர் சாகிப், மஹ்பூப் அலி பேக் சாகிப் ஆகியோர் இருந்தனர்.

1947 ஆகஸ்டு 27-இல், பிரிவினையின் இரத்தம் காயாத நேரத்தில், தனித்தொகுதி தொடர வேண்டும் என்று போக்கர் சாகிப் திருத்தம் கொண்டுவந்தார். இஸ்மாயில் சாகிப் அதை ஆதரித்தார். நாட்டைப் பிரித்தது இந்த முறையே என்று கருதிய சபை அதை நிராகரித்தது. சர்தார் பட்டேல் கடுமையாகவே விடையளித்தார். 1948 மார்ச் 10-இல் இன்றைய ராஜாஜி மண்டபத்தில் கூடிய கூட்டம் இந்திய யூனியன் முஸ்லிம் லீகாகத் தொடர முடிவெடுத்தது. அவ்வாண்டு நவம்பரில், தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு எச்சமூகமும் கட்டாயப்படுத்தப்படலாகாது என்று இஸ்மாயில் சாகிப் வாதிட்டார். விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று 1949 ஜனவரியில் முஸ்லிம் உறுப்பினர்கள் கோரினர்; அம்முறைக்குப் பரவலான எழுத்தறிவு தேவை, அது சட்டமன்றத்தைச் சிதறடித்து நிலையற்ற அரசுகளைத் தரும் என்று அம்பேத்கர் மறுத்தார். 1949 மே மாதத்தில் சிறுபான்மையோருக்கான இடஒதுக்கீட்டுத் தொகுதிகளையும் நீக்கும் முடிவு வந்தபோது இஸ்மாயில் சாகிப் மீண்டும் எழுந்து எதிர்த்தார். ஒதுக்கீடு சிறுபான்மையைப் பெரும்பான்மையிடமிருந்து பிரித்தே வைக்கும் என்று அதே சபையில் பேகம் அய்ஸாஸ் ரசூல் வாதிட்டார். சமூகத்திற்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. இரு தரப்பும் நல்லெண்ணத்துடன் பேசியது. இஸ்மாயில் சாகிபின் திருத்தம் தோற்றது.

ஒரு ஜனநாயகத்தின் தரம் தோற்றவர் அடுத்த நாள் என்ன செய்கிறார், வென்றவர் அவரை என்ன செய்கிறார் என்பதில் வெளிப்படுகிறது. இஸ்மாயில் சாகிப் சபையைப் புறக்கணிக்கவில்லை. தாம் எதிர்த்த கூட்டுத்தொகுதி முறையிலேயே தேர்தலைச் சந்தித்தார். 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையிலும், 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களில் மஞ்சேரித் தொகுதியில் வென்று மக்களவையிலும் பணியாற்றினார். 1972 ஏப்ரல் 5-இல் அவர் மறைந்தபோது கட்சி வேறுபாடின்றித் தமிழகம் துயருற்றது. மறுபுறம், வென்ற பெரும்பான்மை சிறுபான்மையைச் சட்டத்தின் பாதுகாப்பின்றி விட்டுவிடவில்லை. சமய உரிமையும், தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவும் உரிமையும் எந்த வாக்கெடுப்பாலும் எளிதில் பறிக்கவியலாத அடிப்படை உரிமைகளாயின. இராயப்பேட்டையில் 1951-இல் எழுந்த புதுக்கல்லூரியும், தேனாம்பேட்டையில் நீதிபதி பஷீர் அகமது சயீது 1955-இல் தொடங்கிய மகளிர் கல்லூரியும் அந்த உரிமையின் கண்கூடான கனிகள்.

சர் சையிதின் வினா இதனால் தீர்ந்துவிட்டதா? இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள் நாட்டு மக்களில் 14 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 2024-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 543 மக்களவை உறுப்பினர்களுள் முஸ்லிம்கள் 24 பேரே. இஸ்மாயில் சாகிபின் அச்சம் ஆதாரமற்றதன்று என்பதற்கு இதுவே போதும். தமிழகத்திலோ 2007-இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் வேலையிலும் 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்தது. ஒரு கதவு மூடியபோது வேறொரு கதவைத் தட்டித் திறக்கும் வாய்ப்பு இம்முறையில் இருக்கிறது. தட்டுவது நம் பொறுப்பு.

ஷூரா கற்பிப்பது

இனி மாணவர்களின் வினாவுக்கு வருவோம். இறைநம்பிக்கையாளர்களின் காரியம் தமக்குள் கலந்தாலோசிப்பதாகும் என்கிறது திருமறை (42:38). காரியங்களில் தோழர்களுடன் ஆலோசிக்குமாறு நபிகளாருக்கே கட்டளையிடுகிறது இன்னொரு வசனம் (3:159). இவ்வசனம் இறங்கிய சூழல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. உஹுதுப் போரின்போது மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்வதை அண்ணல் நபி (ஸல்) விரும்பினார்கள். பலர் வெளியே சென்று போரிட விரும்பினர். அவர்களின் கருத்தை ஏற்று அண்ணலார் வெளியேறினார்கள். போரில் இழப்பு நேர்ந்தது. ஆலோசனையால் நேர்ந்த இழப்பு என்று சிலர் எண்ணக்கூடிய அவ்வேளையில், ஆலோசனையைக் கைவிடுமாறு சொல்லப்படவில்லை. தோழர்களை மன்னித்து மீண்டும் ஆலோசிக்குமாறே சொல்லப்பட்டது. ஆலோசனையின் மதிப்பு அதன் விளைவோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உமர் (ரலி) அவர்கள் தம் இறுதி வேளையில் ஆறு தோழர்களைக் கொண்ட ஆலோசனைக் குழுவை அமைத்தார்கள். தம் மகன் அப்துல்லாஹ்வுக்கு ஆலோசனையில் இடமளித்து, ஆட்சிப் பொறுப்பில் பங்கில்லை என்று விலக்கினார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) மதீனாவில் மக்களிடம் கருத்துக் கேட்டுத் திரிந்ததையும், பெண்களிடமும் கேட்டதையும் வரலாற்றாசிரியர் இப்னு கஸீர் பதிவு செய்கிறார்.

இதனால் ஷூராவும் ஜனநாயகமும் ஒன்றே என்று நாம் சொல்ல வரவில்லை. ஆலோசனையின் முடிவு தலைவரைக் கட்டுப்படுத்துமா, அறிவுரையாக மட்டும் நிற்குமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மேலும், நமக்கு எல்லை வகுப்பது இறைவாக்கு. அரசியலமைப்புக்கு எல்லை வகுத்தவர்கள் மனிதர்கள். ஆனால் அனைத்தையும் பெரும்பான்மை வாக்குக்கு விட்டுவிடலாகாது, அதற்கும் எல்லையுண்டு என்பதில் இரண்டும் உடன்படுகின்றன. ஆகவே ஜனநாயகத்தைப் பெரும்பான்மையை வணங்கும் மதமாகக் கருதி ஒதுக்குவோர், அதன் வரலாற்றில் பாதியையே அறிந்தவர்கள். பல சமயத்தார் வாழும் நாட்டில் நாம் ஏற்று ஒப்பமிட்ட உடன்படிக்கை இந்த அரசியலமைப்பு. உடன்படிக்கையைப் பேணுவது மார்க்கம் விதித்த கடமை.

நம் வாசலில்

பெரும்பான்மை நம்மைக் கேட்கிறதா என்று வினவும் உரிமை நமக்குண்டு. நம்மில் சிறியோரை நாம் கேட்கிறோமா என்ற வினாவும் அத்துடன் வருகிறது. நம் மஹல்லா ஜமாஅத்துகள் பலவற்றில் நிர்வாகிகள் தேர்வு எவ்வாறு நடைபெறுகிறது? சில குடும்பங்களே தலைமுறையாகப் பொறுப்பு வகிக்கும் இடங்கள் உண்டு. வாடகை வீட்டில் வாழ்வோரும் சந்தா கட்ட இயலாதோரும் வாக்கின்றி நிற்கும் இடங்கள் உண்டு. 1920-இல் சொத்துள்ளவனுக்கே வாக்கு என்றிருந்த விதியை நாம் இன்று குறை சொல்கிறோம். நம் பள்ளிவாசல் வராண்டாவில் அதே விதி உயிரோடிருப்பதைக் காண்பதில்லை. தலாக், பராமரிப்பு, மஹர் பற்றிய பஞ்சாயத்துகளில் தம் வாழ்வே முடிவு செய்யப்படும் பெண் ஒரு சொல் பேச இடமில்லாத ஊர்களும் உண்டு. மதீனாவில் கேட்கப்பட்ட குரல் நம் தெருவில் கேட்கப்படுவதில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டின் விதியை இங்கே மீண்டும் நினைவுகூர்வோம். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் பொறுப்புக்கு வரலாகாது என்று 1,100 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் கல்லில் பொறித்து வைத்தது. வக்ஃபு சொத்துகளின் ஆண்டுக் கணக்கை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் பலகையில் எழுதி வைக்க நமக்கு என்ன தடை? கணக்குக் கேட்பவரைக் கலகக்காரர் என்று தூற்றாதிருக்க என்ன தடை?

மக்கீஸ் தோட்டத்தில் 1887-இல் தயாப்ஜி தலைமையில் தொடங்கிய உரையாடல் இன்னும் முடியவில்லை. எண்ணிக்கையில் மிகுந்தவர், எண்ணிக்கையில் குறைந்தவரைக் கேட்ட பின்னரே முடிவெடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அந்த நீதியை நாட்டிடம் கோருமுன் அதை நம் மஹல்லாவில் நிலைநாட்டினால், நம் கோரிக்கைக்குப் பத்து மடங்கு வலிமை சேரும். உஸ்மான் சாலையைக் கடக்கும்போது இனியேனும் இவ்வரலாற்றை நினைப்போமாக. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.